எதிரியை ரசிக்க ஐந்து நாள்

கிரிக்கெட்டின் வடிவங்களுள் டெஸ்ட் பந்தயத்துக்கு மட்டும் வாய்த்த விசேஷம் ஒன்று உண்டு. அதில் இரவுகள் இருக்கின்றன. மூன்று மணி நேரத்திலோ எட்டு மணி நேரத்திலோ முடிந்துபோகிற ஆட்டத்தில், மைதானத்துக்குள் நுழையும்போது ரசிகன் எந்த அபிப்பிராயத்தோடு நுழைந்தானோ அதே அபிப்பிராயத்தோடு, ஜெயித்தால் கூத்தாடிக்கொண்டும் தோற்றால் திட்டிக்கொண்டும், அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிறான். ஐந்து நாள் ஆட்டத்திலோ, மாலையில் நடுவர்கள் பெயில்களை எடுத்துவிட்டுப் போனபிறகு, தீர்ப்பாகாத ஒரு வழக்கைத் தலையில் சுமந்துகொண்டு அவன் ஊருக்குள் வருகிறான். டீக்கடையில் நின்று அதைப் பேசுகிறான். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவோடு அதற்காக வாதாடுகிறான். காலையில் பத்திரிகை வந்ததும், தான் கண்ணால் பார்த்ததையே இன்னொருவர் எழுத்தில் ஒருமுறை படித்துச் சரிபார்த்துக்கொள்கிறான். நாளைக்கு அந்த எதிரணிச் சுழற்பந்து வீச்சாளன் எந்தக் கோடியிலிருந்து போடுவான், ஆடுகளத்தில் எந்த இடம் பெயர்ந்திருக்கிறது, அவன் தலைவன் யாரை எங்கே நிறுத்துவான் என்றெல்லாம் எதிரியின் மனத்துக்குள் புகுந்து யோசிக்கிறான். அப்படி நான்கு இரவுகள் ஒருவனைப் பற்றி யோசித்தவனுக்கு, அவனிடம் அன்பு உண்டாகிறதோ இல்லையோ, பரிச்சயம் உண்டாகாமல் போவதில்லை.

இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே அந்த இரவுகள் இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2007 டிசம்பரில் பெங்களூரில் நடந்ததே இரு நாடுகளும் மோதிய கடைசி டெஸ்ட். அந்த மாதம் பிறந்த குழந்தை இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற வயதை எட்டிவிட்டது. அந்தத் தலைமுறை பாகிஸ்தான் அணியைப் பார்த்ததெல்லாம், துபாயிலோ மெல்போர்னிலோ அகமதாபாத்திலோ, குறுகிய ஆட்டங்களில், தொலைக்காட்சி விளம்பரங்களின் யுத்த முழக்கத்துக்கு நடுவேதான். இரு நாடுகளும் மீண்டும் டெஸ்ட் ஆட வேண்டும் என்பது என் கட்சி. உடனே, கிரிக்கெட் ஆடினால் சமாதானம் பிறக்கும் என்று உபதேசம் செய்கிறவர்களின் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்த உபதேசத்துக்குச் சரித்திரத்தில் ஆதாரம் ஏதும் எனக்குத் தென்படவில்லை. என் கவலையெல்லாம் ரசிகனைப் பற்றியது.

சென்னை சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 28ஆம் தேதி தொடங்கிய டெஸ்ட் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய மண்ணில் பாகிஸ்தான் டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் ஆட்டம் நடக்கவேண்டிய டில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்துக்குள் அந்த மாதத் தொடக்கத்தில் சிவசேனைத் தொண்டர்கள் புகுந்து ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டதால், முதல் ஆட்டம் சென்னைக்கு மாற்றப்பட்டது. போலீஸ் காவலுக்கு நடுவே, இரு நாட்டு அரசியலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த வேளையில், சேப்பாக்கத்து ஜனங்கள் வாலாஜா சாலையிலும் பெல்ஸ் சாலையிலும் வரிசையில் நின்று உள்ளே போனார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும் கான்கிரீட் படிகளில், புளிசாதப் பொட்டலத்தையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிற்பகலில் கடற்காற்று எழும்வரைக்கும் வியர்த்துக்கொண்டு, நாள்தோறும் பக்கத்து இருக்கைக்காரரோடு புதிய சிநேகத்தை வளர்த்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிற பழக்கம் இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வந்தது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் இதே மைதானத்தில்தான். 1997 மே மாதம் ஒருநாள் பந்தயமொன்றில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்து அன்றைய உலக சாதனையை உடைத்தபோது, எழுந்து நின்று கை தட்டியவர்களும் இவ்வூர் ஜனங்களே.

அந்த டெஸ்ட்டின் கணக்கு பலருக்கு மனப்பாடம். பாகிஸ்தான் முதலில் 238. கும்ப்ளேவுக்கு ஆறு விக்கெட். இந்தியா 254; சக்லைன் முஷ்டாக்குக்கு ஐந்து விக்கெட்; டெண்டுல்கர் அவரை இறங்கி அடிக்கப் போய் ஓட்டம் ஏதும் எடுக்காமல் திரும்பினார். அதுவரை ஒருநாள் ஆட்டத்துச் சூரர் என்று மட்டுமே எண்ணப்பட்டிருந்த, 37 பந்துகளில் சதமடித்துப் பெயர் வாங்கியிருந்த ஷாகித் அப்ரிதி, தமது இரண்டாவது டெஸ்ட்டில், இரண்டாவது இன்னிங்ஸில், பொறுமையாக நின்று 141 எடுத்தார். நான்கு விக்கெட்டுக்கு 275 என்று பாகிஸ்தான் ஓங்கி நின்ற சமயத்தில், வெங்கடேஷ் பிரசாத் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்து, 286க்குள் கதையை முடித்தார். வெற்றிக்கு 271 வேண்டும்.

இங்கே சற்று நின்று, மூன்றாம் நாள் இரவைக் கவனிக்க வேண்டும். அன்று மாலை இந்தியா இரண்டு விக்கெட்டுக்கு 40. உள்ளூர்ப் பையன் சடகோபன் ரமேஷும் லக்ஷ்மணும் வக்கார் யூனிசுக்கு இரையாகியிருந்தார்கள். சனிக்கிழமை இரவு. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் மட்டுமா, தமிழ்நாட்டின் எந்த ஊர்த் தெருமுனையிலும் அன்றைய பேச்சு சக்லைனைப் பற்றியே இருந்திருக்கும். ஆப் ஸ்பின் போடுகிற அதே கையசைவில் பந்தை மறுபக்கம் திருப்பிவிடுகிற அந்தத் ‘தூஸ்ரா’வை எப்படிக் கண்டுபிடிப்பது, மணிக்கட்டைப் பார்க்க வேண்டுமா, பந்து காற்றில் வரும்போது பார்க்க வேண்டுமா, டெண்டுல்கர் நாளைக்கு அவரை இறங்கி அடிப்பாரா, பின்னால் போய் ஆடுவாரா என்று பள்ளிக்கூடப் பையன் முதல் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் வரைக்கும் ஆளுக்கொரு சித்தாந்தம் வைத்திருந்தார்கள். பாகிஸ்தானியர் ஒருவரின் வலது கை மணிக்கட்டைப் பற்றி இவ்வளவு சிரத்தையோடு ஓர் ஊரே ஆராய்ச்சி செய்கிறபோது, துவேஷத்துக்கு அதில் இடம் குறைந்துபோகிறது. திட்டித்தான் பேசினார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த மனுஷனின் வித்தையை அணு அணுவாக அறிந்துகொண்டே திட்டினார்கள்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாசிம் அக்ரம் போட்ட ஒரு பந்து, உள்ளே வருவதுபோல் வந்து வெளியே திரும்பி, திராவிடின் ஆப் ஸ்டம்பைத் தட்டிக்கொண்டு போயிற்று. உலகத்தில் எந்த மட்டையாளருக்கும் அதற்கு விடை கிடையாது. அசாருதீனும் கங்குலியும் போனார்கள். ஐந்து விக்கெட்டுக்கு 82. அதன்பிறகு டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் சேர்த்த அந்த நெடிய பகற்பொழுதில், முதுகு வலியால் ஒவ்வொரு ஓவருக்கும் நடுவே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த டெண்டுல்கரையும், அவரைச் சுற்றி வலையைப் பின்னிக்கொண்டே இருந்த அக்ரமையும் பார்த்தவர்கள், ஒரே ஓட்டத்துக்குக் கத்தி, ஒரே பந்துக்கு மௌனமாகி, மறுபடியும் கத்திக் களைத்துப் போயிருந்தார்கள். மோங்கியா 52இல் வெளியேறினார். சுனில் ஜோஷி ஒரு சிக்ஸர் அடித்தார். வீதியில் நடந்து போகிற முன்பின் தெரியாத மனிதர்களெல்லாம் கடை வாசலில் நின்று, “சார், ஸ்கோர் என்ன?” என்று கேட்டு, “பதினேழுதான் சார் வேணும், சச்சின் இருக்காரு” என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஆறுதலாய் நடையைக் கட்டிய வேளை அது.

அப்போதுதான் டெண்டுல்கர் சக்லைனைத் தூக்கி அடிக்க, பந்து மேலே எழும்பி, மிட்-ஆப் பக்கம் அக்ரமின் கைகளில் வந்து விழுந்தது. 136 ஓட்டங்கள். ஸ்கோர் 254. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்குள் சரிந்தன. கடைசியாக ஸ்ரீநாத்தின் ஸ்டம்பு சாய்ந்தபோது இந்தியா 258. பாகிஸ்தானுக்குப் பன்னிரண்டு ஓட்டங்களில் வெற்றி. சக்லைனுக்கு இரண்டாவது இன்னிங்ஸிலும் ஐந்து, மொத்தம் பத்து விக்கெட். கடை வாசலில் இப்போது கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், “போச்சு சார்” என்ற ஒன்றுதான்.

மைதானத்தில் முதலில் நிசப்தம். அப்புறம் நடந்ததைத்தான் கிரிக்கெட் உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. எழுந்து நின்றார்கள், கை தட்டினார்கள், அந்தக் கரகோஷத்தைக் கேட்டுத் தயங்கிய பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள், அக்ரம் முன்னே போக, எல்லைக் கயிற்றை ஒட்டி மைதானத்தை வலம் வந்தார்கள், அவர்கள் போகப் போக ஒவ்வொரு பகுதியாகக் கூட்டம் எழுந்து கை தட்டிக்கொண்டே வந்தது. ஆட்டநாயகன் விருது டெண்டுல்கருக்கு. அதை வாங்க வெளியே வரும் மனநிலையில் அவர் இல்லை.

சென்னை ஏன் அப்படிச் செய்தது என்பதற்குச் சுலபமான சமாதானம் ஒன்று சொல்லப்படுவதுண்டு. பிரிவினையின் ரத்தம் நம் பக்கம் சிந்தவில்லை. வடக்கே ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிற காயம் இங்கே யாருக்கும் இல்லை. ஆகவே நமக்கு அந்த உதாரகுணம் எளிதாயிற்று என்பார்கள். அதில் பாதி வாஸ்தவம். ஆனால் பிரிவினையின் ரத்தத்திலேயே குளித்தெழுந்த லாகூரில், 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றாவது டெஸ்ட் நடந்தபோது, எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பஞ்சாபியர்கள் ஆயிரக்கணக்கில் அனுமதி பெற்று, எல்லையைக் கடந்து, ஆட்டம் பார்க்கப் போனார்கள். பழைய தெருக்களையும் பழைய அண்டை வீட்டாரையும் தேடிக்கொண்டு திரிந்தார்கள். மாலையில் அமிர்தசரஸுக்குத் திரும்பினார்கள். அந்தக் காயத்தைச் சுமந்தவர்களுக்கே அது முடிந்தது என்றால், சென்னையின் செயலுக்குத் தூரம் ஒன்றையே காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

எனக்குத் தோன்றும் காரணம், நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதே. வட ஆர்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவு முழுவதும் பாரதக் கூத்துப் பார்க்கிற கிராமத்து ஜனங்களை நினைத்துப் பாருங்கள். துரியோதனன் சாக வேண்டும் என்பதில் அவர்களுக்கு மாற்று அபிப்பிராயம் கிடையாது. ஆனால் துரியோதனன் வேஷம் கட்டியவர் திரை விலக்கி வரும்போது அந்த வரவில் கம்பீரம் இல்லாவிட்டால், அடவு சரியில்லாவிட்டால், பொழுது விடிந்தபிறகு அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்த வேஷக்காரர் நன்றாக ஆடியிருந்தால், அவர் செத்து விழுந்த பிறகு அவரைத் தேடிப் போய் மரியாதை செய்வார்கள். பாண்டவர் கட்சியை விட்டுக்கொடுக்காமலே எதிர்க்கட்சியை ரசிக்கும் இந்தப் பழக்கம் நிதானமாகப் பார்ப்பதால் வருகிறது. அவசரமாய்ப் பார்ப்பவனுக்கு வேஷம் மட்டுமே தெரியும்.

இதற்கு எதிராக என் முகத்தின் மேல் வீசக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு. அதை நானே சொல்லிவிடுவது உத்தமம். சேப்பாக்கம் ஆட்டம் முடிந்து மூன்று வாரத்துக்குள், டில்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் சாய்த்து இந்தியா ஜெயித்தபின், கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஆசிய டெஸ்ட் போட்டியின் முதல் ஆட்டம் நடந்தது. நான்காம் நாள், டெண்டுல்கர் ஓடி வரும் வழியில் ஷோயப் அக்தர் குறுக்கே நிற்க, இருவரும் மோதிக்கொள்ள, எல்லையிலிருந்து வந்த எறிபந்து ஸ்டம்பில் பட்டது. விதிப்படி அவர் அவுட். கூட்டம் கொதித்தது, கையில் கிடைத்ததையெல்லாம் மைதானத்துக்குள் எறிந்தது, டெண்டுல்கரே வெளியே வந்து சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. மறுநாளும் கலவரம் தொடரவே, போலீசார் பார்வையாளர் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய வெறுமையாய்க் கிடந்த இருக்கைகளுக்கு முன்னால் பாகிஸ்தான் 46 ஓட்டங்களில் வென்றது. அது 1999 பிப்ரவரி 20ஆம் தேதி. அதே தினத்தில்தான் பிரதமர் வாஜ்பாய் பேருந்தில் வாகா எல்லையைக் கடந்து லாகூருக்குப் போனார்.

ஐந்து நாள் ஆட்டமும் சில சமயம் இப்படி முடியும் என்பதற்கு இது சாட்சி, மறுப்பதற்கில்லை. கல்கத்தா ரசிகர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்த ஆட்டத்தின் முந்தைய நாட்களைக் கவனித்தால் வேறொன்று புலப்படும். அதே அக்தர், முதல் இன்னிங்ஸில், அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் திராவிடையும் டெண்டுல்கரையும் ஸ்டம்புகளைப் பறக்கவிட்டு அனுப்பினார். அப்போது அந்த மகா ஜனசமுத்திரம் திகைத்து உட்கார்ந்ததே தவிர, ஒரு கல்லும் எறியப்படவில்லை. வித்தையால் வீழ்த்தப்பட்டதை அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்டதாக எண்ணியபோதுதான் பொறுமை இழந்தார்கள். எண்ணியது தவறு; செய்தது அதைவிடத் தவறு. ஆயினும் அந்தக் கோபத்துக்குள்ளும் ஆட்டத்தைப் பற்றிய ஒரு நியாய உணர்ச்சி, கோணிப்போன உருவத்தில், இருக்கத்தான் இருந்தது.

சமாதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேப்பாக்கம் ஜனவரியில் கை தட்டியது. மே மாதம் கார்கிலில் யுத்தம் மூண்டது. சென்னையின் கரகோஷம் ஒரு சிப்பாயின் உயிரையும் காப்பாற்றவில்லை. 2004இல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது, எல்லை தாண்டி வந்த இந்திய ரசிகர்களிடம் லாகூர்க் கடைக்காரர்கள் சிலர் பணம் வாங்க மறுத்தார்கள். முல்தானில் சேவாக் முச்சதம் அடித்தார். நம்மூர் லக்ஷ்மிபதி பாலாஜியின் சிரிப்புக்கு அந்நாட்டு ரசிகர்கள் மயங்கி, அவர் பந்து வீச ஓடிவந்தாலும் மட்டை பிடித்து வந்தாலும் ஆரவாரம் செய்தார்கள். அதற்கடுத்த ஆண்டு மொஹாலி டெஸ்ட்டுக்கு வந்த பாகிஸ்தானியர்களைச் சண்டிகர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளிலேயே தங்கவைத்து உபசரித்தன. எல்லாம் நடந்தது, 2008 நவம்பரில் பம்பாய்த் தாக்குதலும் நடந்தது. ஆகையால் ஆட்டத்தின் தலையில் அரசாங்கங்களின் கடமையைத் தூக்கி வைக்கிற பேச்சு எனக்குச் சம்மதமில்லை. அந்தச் சுமையை ஏற்றியவர்களே, ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும், ஆட்டம் தோற்றுவிட்டது என்று அதை நிறுத்தவும் செய்கிறார்கள்.

அதேபோல, பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சாதிக்கவும் மாட்டேன். 1954-55இல் பாகிஸ்தானில் ஐந்து டெஸ்ட், 1960-61இல் இந்தியாவில் ஐந்து டெஸ்ட். பத்துமே வெற்றி தோல்வியின்றி முடிந்தன. எதிரியிடம் தோற்றுவிட்டு ஊருக்கு எப்படித் திரும்புவது என்ற பயத்தில், இரு அணித் தலைவர்களும் ஆட்டத்தை உறைய வைத்தார்கள். எல்லையைக் கடந்து போன ரசிகர்களுக்கு இருந்த துணிச்சல் ஆட்டக்காரர்களுக்கு இல்லை. அந்தப் பத்து ஆட்டங்களையும் முழுதாகப் பார்த்த மகானுபாவர் யாராவது இருந்திருந்தால், இரு அரசாங்கங்களும் கூடி அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 2023 அக்டோபர் 14ஆம் தேதி அகமதாபாத்தில், லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடிய மைதானத்தில், உலகக் கோப்பை ஆட்டம். விசா கிடைக்காததால் பாகிஸ்தான் ரசிகர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் விரல்விட்டு எண்ணும்படியே இருந்தார்கள். இரண்டு விக்கெட்டுக்கு 155 என்று இருந்த பாகிஸ்தான் 191க்குள் சுருண்ட அந்தப் பந்து வீச்சு, எந்த ரசிகனும் வாயூறிப் பேசவேண்டிய விஷயம். மறுநாள் ஊரெல்லாம் பேசியதோ, ஆட்டமிழந்து படியேறிய முகம்மது ரிஸ்வானை நோக்கி எழுப்பப்பட்ட மத கோஷத்தைப் பற்றி. 2025 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பைக்காக இரு அணிகளும் ஆடின. ஆட்டம் முடிந்து கைகுலுக்கவில்லை. இறுதியாட்டத்தில் வென்ற இந்திய அணி, பாகிஸ்தான் அமைச்சரும் ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவருமானவரின் கையால் கோப்பையை வாங்க மறுத்தது. அந்த ஏப்ரலில் பஹல்காமில் இருபத்தாறு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட துக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. அதை எவரும் அற்பமாகப் பேசக்கூடாது.

ஆனால் இங்கேதான் என் ஆக்ஷேபம். எதிரி நாட்டோடு ஆட மாட்டோம், எங்கள் துக்கம் அவ்வளவு பெரியது என்று ஒரு தேசம் தீர்மானித்தால், அது ஒரு கொள்கை, அதற்குத் தலைவணங்கலாம். துக்கம் பெரியதுதான், ஆயினும் உலகக் கோப்பையிலும் ஆசியக் கோப்பையிலும் மட்டும் ஆடுவோம், ஏனென்றால் அந்த ஒரு மாலைப்பொழுதின் விளம்பர வருமானத்தை விட்டுவிட முடியாது என்றால், அதற்குக் கொள்கை என்று பெயர் கிடையாது. அண்மை ஆண்டுகளின் உலகப் போட்டிகளில் இவ்விரு நாடுகளும் ஒரே பிரிவில் வந்து விழுவது சீட்டுக் குலுக்கலின் அதிசயம் என்று எந்தக் குழந்தையும் நம்பாது. கார்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 1999 ஜூன் 8ஆம் தேதி மான்செஸ்டரில் உலகக் கோப்பைக்காக இரு அணிகளும் ஆடியதையும் மறந்துவிடக்கூடாது. ஆடுகிறோம், ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறோம்; விட்டுவிட்டது டெஸ்ட் ஒன்றை மட்டுமே. விரோதத்தைக் காசாக்குகிற வடிவத்தை வைத்துக்கொண்டு, விரோதத்தைச் சற்று ஆறப்போடுகிற வடிவத்தைத் தள்ளிவிட்டிருக்கிறோம். ஒன்று, இரண்டையும் விடுங்கள். இல்லையேல் இரண்டையும் ஆடுங்கள்.

இளைஞர்களைக் குறைசொல்லி எழுதுவது கட்டுரையாளர்களுக்குச் சகஜம்; எனக்கு அதில் விருப்பமில்லை. இருபது ஓவர் பார்க்கிற இன்றைய பையனுக்கு ஆட்ட நுணுக்கம் தெரியாது என்பது பொய். எங்கள் தலைமுறை டெண்டுல்கர் அவுட் ஆனதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்துபோன தலைமுறை, இன்றைய பையனைவிட உத்தமம் என்று பெருமை பேச ஒன்றுமில்லை. சென்னை டெஸ்ட்டுகளை அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் வானொலியில் தமிழில் வர்ணித்த நாட்களில், எதிரணி வீரனின் நல்ல அடிக்கும் அந்தக் குரல்களில் உற்சாகம் குறையாமல் இருந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த ரசனை காது வழியே, செலவில்லாமல் கிடைத்தது. இன்றைய பையனுக்குக் கிடைப்பது, ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும் சவால் விளம்பரங்களும், ஆட்டம் முடிந்த ஐந்தாம் நிமிஷம் கைப்பேசியில் வந்து குவியும் கேலிப் படங்களும். பாகிஸ்தானின் ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளன் காலையில் புதுப் பந்தோடும், பிற்பகலில் பழைய பந்தோடும், மறுநாள் களைத்த தோளோடும் எப்படி எப்படி மாறுகிறான் என்பதைப் பார்க்க அவனுக்கு ஒரு சந்தர்ப்பமும் தரப்படவில்லை. நான்கு ஓவர்களில் முடிந்துபோகிறவனை அவன் எப்படி அறிந்துகொள்வான்?

காரிய அம்சத்துக்கு வருவோம். 2019இல் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் அட்டவணையில் இவ்விரு நாடுகளையும் ஒன்றோடொன்று கோர்ப்பதே இல்லை, இரண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தால்தான் சந்திக்க முடியும், இதுவரை வரவில்லை. சொந்த மண்ணில் ஆட அரசாங்கங்களுக்கு மனமில்லை என்றால் பொது இடங்களுக்குப் பஞ்சமில்லை. 2022 அக்டோபரில் மெல்போர்னில் இருபது ஓவர் ஆட்டத்தைப் பார்க்க 90,293 பேர் வந்தார்கள், அதைக் கண்ட அம்மைதான நிர்வாகிகள், இங்கே ஒரு டெஸ்ட் நடத்தலாமே என்று விசாரித்தும் பார்த்தார்கள், காரியம் நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ இரு நாட்டு மக்களும் ஒரே தெருவில் கடை வைத்து, ஒரே பேருந்தில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களை ஐந்து நாள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரவைக்க விசாவும் தேவையில்லை. இரு வாரியங்களும் சம்மதித்தால் ஒரு வருஷத்துக்குள் நடத்தக்கூடிய காரியம் இது. அட்டவணையில் இடமில்லை என்பது நொண்டிச்சாக்கு, ஐ.பி.எல்.லுக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாதத்துக்கு இடம் கிடைக்கிறது.

1952 அக்டோபரில் டில்லியில், லாகூரில் வளர்ந்த லாலா அமர்நாத் இந்தியாவுக்கும், 1946இல் இந்தியாவுக்காக ஆடிய அப்துல் ஹபீஸ் கர்தார் பாகிஸ்தானுக்கும் தலைவர்களாக நின்று தொடங்கிய இந்த டெஸ்ட் வரிசையில், 2007 வரைக்கும் நடந்தவை 59 ஆட்டங்கள். பாகிஸ்தான் வென்றது 12. இந்தியா வென்றது 9. முடிவின்றிப் போனவை 38. அறுபதாவது ஆட்டத்துக்குத் தேதி குறிக்கும்படி இரு வாரியங்களையும் கேட்டுக்கொள்கிறேன். அதில் கணக்கைச் சற்று நேர்செய்துகொள்ளும் ஆசையும் எனக்கு உண்டு.